இரண்டு பிரேக் உள்ள வண்டி

1

நாற்பத்தொரு மணி நேரம் இருக்கிறது. இன்று வியாழக்கிழமை, மாலை ஐந்து. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு பையோடு என் வீட்டுக்கு வருகிறாள். இனி அவள் இங்கேதான் இருப்பாள். அவளை நான் தத்தெடுத்துக்கொள்கிறேன். தனியாக. இது தத்து அலுவலருக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கும் எதிரொலி சாருக்குத் தெரியும். சின்னக் கட்டிலைப் பாகம் பாகமாக மாடிக்குத் தூக்கி வந்த இரண்டு பேருக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

என் அம்மாவுக்குத் தெரியாது.

இந்தக் கதை பிறந்தது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்க உட்கார்ந்தேன். ஒத்திகைக்குக் குரல் வேண்டும். என்னிடம் அது கொஞ்சம் குறைவு. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

கதையில் வருபவளை 'அவள்' என்று எழுதப்போகிறேன். நீங்கள் ஏமாற வேண்டாம், அவள் நான்தான். கூச்சப்படுகிறவர்களுக்கு 'நான்' என்று தொடங்குவது, மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டி 'கேக்குதா' என்று கேட்பது மாதிரி. [நடுவில் மறந்து 'நான்' என்று எழுதிவிட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.]

2

முதல் தொடக்கம்:

'அவள் சன்னலருகே நின்றாள். வெளியே மழை—'

(வேண்டாம். மழை பெய்யவில்லை. கதை எழுத உட்கார்ந்தாலே எங்கிருந்தோ மழை வந்துவிடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்:

'ஒரு பெண்ணுக்குத் தாய்மை என்பது—'

(இதை எழுதியது என் கைதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.)

மூன்றாம் தொடக்கம்:

'அவள் எடைக்கற்களுக்கு எடை போடும் வேலை பார்த்தாள்.'

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

கடையிலும் மருந்தகத்திலும் இருக்கும் தராசு சரியா என்று பார்க்க எடைக்கல் வேண்டும். அந்த எடைக்கல் சரியா என்று பார்க்க ஓர் இடம் வேண்டும். அவளுக்கு வேலை அந்த இடத்தில். எப்போதும் ஒரே குளிரில் இருக்கும் அறை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். கண்ணாடிக் கூண்டுக்குள் தராசுகள். கற்களைக் கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் ரேகைக்கும் எடை உண்டு.

அந்த அறையில் ஒரு விதி. ஒருவர் தராசைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும்: பொருள், எண், அலகு. இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்ன பிறகுதான் அது அளவு. அதுவரை அது ஒருவர் கண்ணில் பட்ட ஏதோ ஒன்று. தலையாட்டல் செல்லாது.

திருப்பிச் சொல்பவர் எதிரொலி சார். அவர் இதைப் பல வருடங்களாகச் செய்கிறார். வீட்டில் மனைவி "குழாய் ஒழுகுது" என்றால் இவரும் "குழாய் ஒழுகுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாராம். அதோடு வேலை முடிந்தது என்பது அவர் எண்ணம். மனைவியின் எண்ணம் வேறு.

ஒரு நாள் மதிய இடைவேளையில் அவள் புதிதாக வாங்கிய ஒரு சின்னக் காலணியைப் பெரிய தராசில் வைத்தாள். காரணம் எளிது. கடைக்காரர் 'ரொம்ப லேசு' என்றார். எவ்வளவு லேசு என்று சொல்லவில்லை. அறையில் யாரும் இல்லை என்ற நினைப்பில், பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டது.

"காலணி, இடது. நூற்றி எழுபத்திரண்டு கிராம்."

"காலணி, இடது. நூற்றி எழுபத்திரண்டு கிராம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொஞ்ச நேரம் இருவரும் தராசையே பார்த்தார்கள்.

"வலதையும் வைம்மா," என்றார் சார். "ஜோடின்னா ரெண்டும் பாக்கணும்ல."

வைத்தாள். வலது ஒரு கிராம் கூடுதல்.

"யாரோட கால்?"

"ஆறு வயசு சார். பொண்ணு. எனக்கு..."

"எனக்கு," என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"எனக்கு வரப்போறா."

"வரப்போறா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "பிரமாதம். தராசைத் துடைச்சு வை. மேல இருக்கிறவங்க பாத்தா காலணிக்குச் சான்றிதழ் எங்கேன்னு கேப்பாங்க."

அவள் வாழ்க்கையில் இந்தச் செய்தியை வாய்விட்டுச் சொன்ன ஒரே சந்தர்ப்பம் அது. சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. விதி இருந்தது, வந்துவிட்டது.

3

இப்போது அம்மா. இங்கேதான் கதை தடுமாறுகிறது.

அம்மாவை இதுவரை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். முதல் முறை மிகவும் பொல்லாதவளாக வந்துவிட்டாள். திருத்தப் போய், இரண்டாம் முறை எல்லாவற்றுக்கும் சிரிக்கும் பற்பசை விளம்பரத் தாயாக ஆகிவிட்டாள். அம்மா படித்தால் "யாருடி இவ, உனக்குத் தெரிஞ்சவளா?" என்பாள். எனவே வர்ணனையை விட்டுவிட்டுத் தகவல்களை மட்டும் தருகிறேன்.

அம்மா வேறு ஊரில் இருக்கிறாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சிப் பள்ளி என்று பெயர்ப்பலகை சொல்லும். ஒரு வண்டி, ஓர் ஆசிரியை, அவ்வளவுதான் பள்ளி. அந்த வண்டியில் இரண்டு பிரேக். ஒன்று கற்பவரின் காலடியில், ஒன்று அம்மாவின் காலடியில். அம்மா பக்கம் ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலேட்டர் கிடையாது. பிரேக் மட்டும்தான். இது உருவகம் அல்ல. வண்டியின் அமைப்பே அப்படி.

பல வருடப் பழக்கத்தில் அம்மாவின் வலது கால், உலகத்தில் எது சரியில்லை என்று பட்டாலும் தரையை அமுக்கும். தொலைக்காட்சியில் யாராவது மொட்டைமாடி விளிம்புக்குப் போனால் அமுக்கும். பால் பொங்கினால் முதலில் கால் அமுக்கும், பிறகுதான் கை அடுப்பை அணைக்கும். அவள் இயற்பியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் வாய் "பரவால்ல, படி" என்றது. கால் சொன்னதை நான் பார்த்துவிட்டேன். [அவள் பார்த்துவிட்டாள்.]

அம்மாவின் பாடமுறை ஒன்றே ஒன்று: "கண்ணுல படுறதை எல்லாம் வாயால சொல்லு." ஓட்டுகிறவர் ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். முன்னாடி பஸ். கண்ணாடி பாக்கிறேன். வேகம் குறைக்கிறேன். வாய் சொன்னால்தான் கண் பார்த்ததாக அர்த்தம் என்பது அம்மாவின் கொள்கை. ஆக, வீட்டிலும் உரக்கச் சொல்ல வேண்டும், வேலையிலும் உரக்கச் சொல்ல வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளின் மகளுக்கு இன்னும் உரிமம் இல்லை. கை வேலை செய்யும், கால் வேலை செய்யும், வாய் வராது. வாய் வராதவரை அம்மா அடுத்த பாடத்துக்குப் போக மாட்டாள்.

அப்பா எனக்கு இரண்டு வயதில் போய்விட்டார். இறக்கவில்லை. போய்விட்டார். அதன்பிறகு அம்மா அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. கற்க வருகிறவர்களிடம் சிக்னலில் நிற்கும்போது சொல்வாள்: "ஒத்தை ஆளா ஒரு பிள்ளைய வளர்க்கிறது இருக்கே, அது என் எதிரிக்குக்கூட வேண்டாம்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். விளக்கு பச்சையாகிவிடும்.

அதைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பிள்ளை பின்சீட்டில் இருந்தாள். பள்ளி விட்டதும் நேரே வண்டிக்குள்தான். முன்னால் யாரோ வியர்த்துக்கொட்ட, வண்டி குலுங்கி நிற்க, குலுங்கிக் கிளம்ப, நான் பின்னால் கணக்குப் போடுவேன். என் அந்தக் காலத்துக் கையெழுத்தைக் காட்டினால், எந்தெந்த வரியில் கிளட்சைச் சட்டென்று விட்டார்கள் என்று அம்மாவே சொல்லிவிடுவாள்.

அம்மாவுக்கு அது கஷ்டகாலம். எனக்கு அது—

(இந்த வாக்கியத்தை இப்போது முடிக்க மாட்டேன்.)

4

குழந்தையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது அவளுடையது. மேலாளர் என்று வைத்துக்கொள்வோம். காரணம் அவள் முதல் முறை வீட்டைப் பார்க்க வந்த நாள்.

அன்று ஆய்வு செய்ய வந்தவர் முறைப்படி தத்து அலுவலர்தான். மெதுவாகப் பேசுகிற, கனமான பை வைத்திருக்கிற பெண். ஆனால் அவர் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். மேலாளர் எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

"முட்டை ஏன் மூணு இருக்கு?"

"மிச்சத்தைச் சாப்பிட்டுட்டேன்."

"சரி."

குளியலறை விளக்கைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து ஒருமுறை எம்பிப் பார்த்தாள்.

"இது ஆடுது."

"மாட்டி முடிச்சதும் ஒரு ஸ்குரூ மிச்சம் ஆயிடுச்சு."

"மிச்சம் ஆனா தப்பா மாட்டிருக்கீங்க." முன்பற்கள் இரண்டும் இல்லாத வாயால் இதைச் சொன்னாள். காற்று கலந்த தீர்ப்பு. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"என்ன பண்றாங்க?"

வண்டியைப் பற்றிச் சொன்னேன். அதுவரை நடந்துகொண்டே இருந்தவள் நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் பிரேக்கா?"

"ஆமா."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்கினா?"

"நிக்கும். அவ்வளவுதான்."

"பின்னாடி யாரு உட்காருவாங்க?"

"சின்ன வயசுல நான். இப்போ யாரும் இல்ல."

அதை அவள் எங்கோ வாங்கி வைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டாள்: "அவங்களுக்கு என்னைத் தெரியுமா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலாளர் இதற்கு முன் ஒரு வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். அந்த வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் சம்மதம். வெளியூரில் இருந்த பெரியவர்களுக்கு மட்டும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். பெரியவர்கள் வந்தார்கள். இதை அலுவலர் என்னிடம் சொன்னார். மேலாளரிடம் யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் அங்கே இருந்தாள்.

அவங்களுக்கு என்னைத் தெரியுமா?

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"சரி," என்றாள் மேலாளர். "சொன்னதும் எனக்குச் சொல்லுங்க."

கிளம்பும்போது அலுவலர் கேட்டார். "உங்க அம்மாவுக்கு இதுல சம்மதம்தானே? குழந்தையை அழைச்சிட்டு வர்ற அன்னைக்கு அவங்களும் இருந்தா நல்லா இருக்கும். பாட்டி இருப்பாங்கன்னு பாப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

நான் தலையாட்டினேன்.

வாசலில் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்த மேலாளர் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். தலையாட்டல் செல்லாது என்பது எங்கள் அறைக்கு மட்டும் உரிய விதி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

[இந்தப் பகுதி முழுக்க 'நான்' என்றே எழுதியிருக்கிறேன். இப்போதுதான் கவனித்தேன். அப்படியே இருக்கட்டும்.]

5

ஒரு சிறிய இடைச்செருகல், கதை தெரிந்தவர்களுக்காக.

தனியாக ஒரு பெண் தத்தெடுக்கிறாள் என்று எழுதினால், பின்னால் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். உடைந்த காதல், ஒரு நோய், ஒரு சாவு. கதைக்காக நானும் தேடிப் பார்த்தேன். என்னிடம் இல்லை. ஒன்றைக் கற்பனையாகச் சேர்க்கலாமா என்றும் யோசித்தேன்.

'திருமணம் நின்றுபோன அன்று அவள்—'

(எந்தத் திருமணம்? நின்றுபோக முதலில் ஒன்று நடக்க ஆரம்பித்திருக்க வேண்டும்.)

"ஏன் தனியா?" என்று அலுவலரும் கேட்டார். அவருக்கு ஏதோ பதில் சொன்னேன். வேலை நிரந்தரம், வீடு பள்ளிக்கு அருகில், அந்த மாதிரி. எல்லாம் சரியான பதில்கள். காரணம் அவை அல்ல. காரணம், மூன்றாம் பகுதியில் நான் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம். அதை அம்மாவிடம் சொல்வதற்கு முன் அலுவலரிடம் சொன்னால் குற்றமாகிவிடும் என்று தோன்றியது.

6

போன ஞாயிறு ஒரு முயற்சி எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குப் போன் செய்து, "சனிக்கிழமை காலையில வீட்டுக்கு ஒருத்தர் வராங்க. நீயும் இருந்தா நல்லா இருக்கும்" என்றேன்.

"யாரு?"

"நேர்ல சொல்றேன்."

போனில் 'டக்' என்று கேட்டது. செருப்பு தரையை அமுக்கும் சத்தம்.

"எவ்வளவு நாளா பழக்கம்?"

"நாலஞ்சு மாசம்."

"குணம் எப்படி?"

"கொஞ்சம் கண்டிப்பு. கேள்வி நிறைய கேப்பாங்க."

"கேக்கட்டும். நீ பேசாத ஆளு, கேக்கிற ஆளுதான் உனக்குச் சரி. வேலை?"

"இப்போதைக்கு இல்ல. படிக்கிறாங்க."

"இந்த வயசுலயா?"

"ஆமா."

"உயரம்?"

"குறைவுதான்."

"அதெல்லாம் ஒரு விஷயமாடி. முகம் சிரிச்ச முகமா?"

"சிரிச்சா நல்லா இருக்கும். முன்பல்லு ரெண்டு இல்ல."

மறுபடி டக், டக்.

"ஏண்டி," என்றாள் அம்மா மெதுவாக, "அவருக்கு வயசு என்ன ஆகுது?"

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "நேர்ல சொல்றேம்மா."

"நேர்ல என்னத்தைச் சொல்லப் போற. வெள்ளிக்கிழமை சாயங்காலமே வரேன்," என்று வைத்துவிட்டாள்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அளவுகள் எல்லாம் சரி. பொருளின் பெயரை மட்டும் சொல்லவில்லை. எங்கள் அறையில் அப்படி ஓர் அளவு வந்தால் அடித்துவிடுவோம்.

7

வெள்ளிக்கிழமை மதியம். இதுவரை எழுதியதை எதிரொலி சாரிடம் கொடுத்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தார். தன்னைப் பற்றிய இடத்தில் "குழாயை மறுநாளே சரி பண்ணிட்டேன், அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

"முடிவு எங்கம்மா?"

"மூணு இருக்கு சார்."

"சொல்லு."

"ஒண்ணு: வண்டியில போகும்போது சொல்றேன். அம்மா பிரேக்கை அமுக்கிடுறாங்க. வண்டி நடு ரோட்டுல நிக்குது. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. கதை முடியுது."

"சத்தமா இருக்கு. அடுத்தது?"

"ரெண்டு: அம்மா அழுது என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிறாங்க."

"ஓடுற வண்டியிலயா?"

"அதான் சார். அம்மா விடமாட்டாங்க. ஓட்டுறவங்க கையைத் தொட்டாலே திட்டுவாங்க."

"மூணாவது?"

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அதில் நான் சொல்வதே இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணி. அழைப்பு மணி அடிக்கிறது. பல்லில்லாத மாப்பிள்ளையை எதிர்பார்த்து அம்மா கதவைத் திறக்கிறாள். நேராகப் பார்க்கிறாள், யாரும் இல்லை. கீழே பார்க்கிறாள். மேலாளர் மேலே பார்க்கிறாள். அந்த இரண்டு பார்வைகளோடு கதை முடிந்துவிடும். ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

சார் யோசித்தார். "கதைக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார். "பிள்ளைக்கு?"

கதவு திறந்ததும் பெரியவர் ஒருவர் தன்னைக் கீழே பார்த்துத் திகைப்பதை மேலாளர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறாள். நான் அதை அழகான முடிவு என்று எழுதி வைத்திருந்தேன்.

மூன்றாவது முடிவை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டு வைத்திருக்கிறேன்.

"நீ சொன்னா அம்மா திருப்பிச் சொல்வாங்களா?" என்று கேட்டார் சார்.

"தெரியல சார்."

"சொல்லலேன்னா?"

"அளவு செல்லாது."

"செல்லாதுன்னா நாம என்ன செய்வோம்?"

"மறுபடி சொல்வோம்."

"மறுபடி சொல்வோம்," என்றார் எதிரொலி சார், பாத்திரத்தை மூடிக்கொண்டே.

8

இனி மணிக்கணக்கு இல்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இந்தப் பகுதியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நான் சொன்னபோது அம்மாவின் கால் அமுக்கியதா, அம்மா திருப்பிச் சொன்னாளா என்பதை நான் எழுதப் போவதில்லை. அதைக் கேட்காதீர்கள். நான் சொன்னது என் கையில் இருந்தது. அதன்பிறகு வருவது என் கையில் இல்லை, என் கையில் இல்லாததை எழுதினால் அது மறுபடி ஒத்திகையாகிவிடும். ஆகவே எதிரொலி சாரின் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்காருங்கள். நான் சொல்வேன். திருப்பிச் சொல்ல வேண்டியது நீங்கள்.

அம்மா மாடிக்கு வரவில்லை. கீழே பயிற்சி வண்டியின் ஹாரன் இரண்டு முறை அடித்தது. இறங்கிப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. அம்மா பக்கத்து இருக்கைக்கு மாறி, பெல்ட் போட்டு, கால் பிரேக் மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட நல்ல உடை. தலைக்குச் சாயம் போட்டிருந்தாள்.

"ஏறு. ஓட்டு."

"இப்பவா? ஒரு தேநீர்..."

"உன் வீட்டுல உட்கார்ந்தா நீ பேச மாட்ட. இங்க பேசித்தான் ஆகணும். ஏறு."

ஏறினேன். "பெல்ட் போட்டாச்சு. கண்ணாடி பாக்கிறேன்." கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. "பின்னாடி வண்டி எதுவும் இல்ல. கிளம்புறேன்."

"காதுல விழல."

"கிளம்புறேன்."

வண்டி ஒருமுறை குலுங்கிக் கிளம்பியது. மருந்தகம், சலவைக் கடை, பூட்டிய பள்ளிக்கூடம்.

"சைக்கிள் ஒண்ணு. இடம் விடுறேன். முன்னாடி திருப்பம். வேகம் குறைக்கிறேன்."

"நல்லாத்தானே சொல்ற," என்றாள் அம்மா. "இத்தனை வருஷமா இந்த வாயை எங்க வெச்சிருந்த?" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இதோ பாரு. அஞ்சு நாளா யோசிச்சிட்டேன். உனக்குப் பிடிச்சிருந்தா சரி. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வயசை மட்டும் சொல்லிடு. அறுபதா?"

"அம்மா, முன்னாடி பஸ்."

"பஸ்ஸை நான் பாத்துக்கிறேன். அறுபதா?"

"கீழே."

அம்மா மூச்சு விட்டாள். "அம்பது?"

"இன்னும் கீழே."

"நாப்பத்தஞ்சு?"

"கீழே. பஸ் நிக்குது. நானும் நிக்கிறேன்."

"நாப்பது?" அம்மாவின் குரலில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "முப்பத்தஞ்சா? முப்பத்தஞ்சுன்னா நல்ல வயசுதானேடி."

"கீழே. பஸ் கிளம்புது. நானும் கிளம்புறேன்."

"உன்னைவிடச் சின்னதா?"

"ஆமா."

எடை தெரியாத பொருள் ஒன்று தட்டில் இருந்தால் எங்கள் அறையிலும் இப்படித்தான் செய்வோம். எதிர்த்தட்டிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துக்கொண்டே வருவோம். பெரியதிலிருந்து சின்னதுக்கு. சமநிலை நெருங்கும்போது யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

"இருபத்தஞ்சு?" என்றாள் அம்மா. சத்தம் குறைந்திருந்தது.

"கீழேம்மா."

அதன்பிறகு அவள் எண் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சிக்னல் வந்தது. சிவப்பு. நிறுத்தினேன். நிறுத்தியதைச் சொன்னேன். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில்தான் அவள் எதிரியைப் பற்றிய அந்த வாக்கியத்தைச் சொல்வாள். சொல்லவில்லை.

"அந்தப் பல்லு," என்று கேட்டாள், "ஏன் இல்ல?"

"விழுந்துடுச்சு."

"விழுந்துட்டு?"

"மறுபடி முளைக்கும்மா."

விளக்கு பச்சையானது. நான் கிளம்பினேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஓடுகிற வண்டியில் ஆசிரியை சாலையைத்தான் பார்க்க வேண்டும், சாலையைத்தான் பார்த்தாள். அவளுடைய கால் பிரேக்கின் மேல் இருந்தது. அமுக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

"வாயால சொல்லு," என்றாள். "கண்ணுல படுறதை எல்லாம்."

"முன்னாடி ரோடு காலி," என்றேன். "கண்ணாடி பாக்கிறேன். பின்சீட்டு காலி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒருத்தி வரா. ஆறு வயசு. பொண்ணு. என் பொண்ணு. ஒத்தை ஆளா வளர்க்கப் போறேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. நான் பின்னாடிதானே இருந்தேன். அங்க நல்லா இருந்துச்சு."